மூக்கு லாரியும் வைக்காத பத்திரிகையும்

எங்கள் லாரி துருப்பிடித்து நின்றதற்குக் காரணம் என் கல்யாணப் பத்திரிகை. மழையும் வெயிலும் அதற்கப்புறம் வந்து தங்கள் பங்கைச் செய்தன. இதைச் சொன்னால் என் மாமியார் வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கக்கூடிய விஷயம்தான். நானும் பல வருஷம் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அது மூக்கு லாரி. இன்ஜின் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய காலத்து வண்டி. யாரோ ஓட்டி அலுத்துப்போய் விற்றதை நைனாவும் பாயும் சேர்ந்து வாங்கினார்கள். நைனா என்றால் என் அப்பா. எங்கள் வீட்டில் அப்பாவை அப்படிக் கூப்பிட்டுத்தான் பழக்கம். பாய் அவருடைய கூட்டாளி. திருவண்ணாமலை டவுனில் மசூதிக்குப் பின்தெருவில் வீடு. எனக்கு அவர் பெரியப்பா. இரண்டு பேரும் டிரைவர்கள். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டை ஏற்றிக்கொண்டு எண்ணெய் மில்களுக்குப் போவார்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்சீட்டுப் பலகையில் படுத்துத் தூங்குவார். இருவருக்கும் சேர்த்து ஒரே போர்வை. நைனா சட்டையைப் பாய் போட்டுக்கொண்டு போய்விடுவார், பாய் சட்டையை நைனா போட்டுக்கொண்டு வந்து நிற்பார். துவைக்கும்போது அம்மா திட்டுவாள்.

வண்டியின் நெற்றியில் ஒரு பக்கம் 786, மறு பக்கம் 'அண்ணாமலையார் துணை'. வாங்கிய அன்று டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, மலையை ஒரு சுற்று சுற்றி, நேராக தர்காவுக்குப் போய் ஃபாத்திஹா ஓதிக்கொண்டு வந்தார்கள். ஓட்டியது பாய். நைனா பக்கத்தில். நான் நைனா மடியில். எனக்கு நினைவிருப்பது பாய் அடித்த ஹாரன் மட்டும்தான். மற்றதெல்லாம் அம்மா சொன்னது.

இனி என் கல்யாணம்.

எங்கள் பக்கத்தில் பத்திரிகை வைப்பது என்றால் சும்மா இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போக வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, கல்கண்டு. உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீராவது குடித்து, வீட்டுக்காரர்களை எதிரே நிற்க வைத்து, தட்டோடு கொடுக்க வேண்டும். வாசலில் நின்றபடி நீட்டினால் அது பத்திரிகை இல்லை, நோட்டீஸ். யார் வந்தார்கள், இரண்டு பேரும் வந்தார்களா, உட்கார்ந்தார்களா என்று பேரன் பேத்தி எடுக்கும்வரை நினைவு வைத்திருப்பார்கள். இந்த விஷயத்தில் சாதி, மதம் என்று எந்த வித்தியாசமும் கிடையாது. ரோஷம் எல்லோருக்கும் ஒரே அளவு.

அம்மா முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைத்துவிட்டு, இரண்டாவதைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, "வாங்க, பாய் ஊட்டுக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றாள். நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாய்க்கு எதுக்குப் பத்திரிகை? அவன் நம்ம ஊட்டு ஆளு. நான் தட்டு எடுத்துக்கினு போயி, என் பொண்ணு கல்யாணத்துக்கு வாடான்னு கூப்பிட்டா, அவனை வெளியாளு ஆக்கினா மாதிரி ஆயிடாதா?"

நியாயமாகத்தான் பட்டது. மண்டபம் பார்த்ததிலிருந்து சமையல்காரருக்குச் சொல்லி வைத்ததுவரை பாயும் கூடவே இருந்தவர். பெண் வீட்டுக்காரருக்கே பத்திரிகை வைப்பார்களா? அம்மா தட்டை வைத்துவிட்டாள்.

இதோடு விட்டிருந்தால்கூட ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. டவுனில் பத்திரிகை கொடுக்கப் போன என் சித்தப்பா, பாய் பெயர் விட்டுப்போயிருக்கிறதே என்று பதறி, பாய் வீட்டில் கதவு சாத்தியிருக்க, எதிர் டீக்கடையில் ஒன்றைக் கொடுத்து, "வந்தா குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். டீக்கடைக்காரர் அதைப் பாயிடம் டீயோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.

பாய் என் கல்யாணத்துக்கு வரவில்லை. முகூர்த்தம் நெருங்கும்வரை நைனா மண்டப வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஐயர் இரண்டு முறை ஆள் அனுப்பினார். கடைசியில் உள்ளே வந்தபோது நைனாவின் முகம் கல்யாண வீட்டு முகமாக இல்லை. ஆல்பத்தில் இப்போதும் பார்க்கலாம். நான் சிரிக்கிறேன், என் வீட்டுக்காரர் சிரிக்கிறார், நைனா சண்டைக்கு நிற்பதுபோல் நிற்கிறார்.

"டீக்கடையில குடுத்துட்டுப் போற அளவுக்கு நான் மூணாவது மனுஷனாயிட்டனா?" என்று பாய் கேட்டதாக இங்கே வந்தது. "பத்திரிகை இருந்தாத்தான் என் பொண்ணு கல்யாணத்துக்கு வருவானாமா?" என்று நைனா சொன்னது அங்கே போனது. கொண்டுபோய்ச் சேர்க்க உறவுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். கல்யாணத்துக்கு அடுத்த லோடுக்குப் பாய் வரவில்லை. பாய் இல்லாமல் நைனா வண்டியை எடுக்கவில்லை. அவ்வளவுதான். அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி இடத்தில், கிரிவலப் பாதையிலிருந்து பார்த்தால் தெரியும்படி, வண்டி நின்றது நின்றபடியே நின்றுவிட்டது.

விற்கவும் முடியாது. இரண்டு பேர் பெயரில் இருந்த வண்டி. இருவரும் ஒன்றாகப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், முகம் பார்த்துக்கொள்ளாதவர்கள் எங்கே ஒன்றாகப் போவது? காயலான் கடைக்காரர்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நைனா வேறு முதலாளிகளிடம் சம்பளத்துக்கு ஓட்டினார். பாய் பஞ்சர் கடை வைத்தார். பௌர்ணமிதோறும் மலை சுற்ற வருகிற கூட்டம் எங்கள் லாரி மேல் சாய்ந்து உட்கார்ந்து கால் பிடித்துக்கொள்ளும். ஒரு வருஷம் ஒருத்தி அதன் படியில் இட்லிக் கடையே போட்டாள். யாரோ ஒரு பக்தர் மூக்கின் மேல் விபூதி பூசி, குங்குமம் வைத்துவிட்டுப் போனார். மலையைச் சுற்றி எதைப் பார்த்தாலும் கும்பிடத் தோன்றும் போலிருக்கிறது. நைனா அதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டார். அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். வேலிக்காத்தான் வளர்ந்து பின்பாகத்தை மூடியது. பாடிப் பலகைகளைக் கரையான் தின்றது. என் பெண் பிறந்து, வளர்ந்து, இப்போது காலேஜுக்குப் போகிறாள்.

ஒருநாள் டவுனிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர், பாயிடம் வேலை பழகியவர், நைனாவிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பாய்க்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். ஆள் பாதியாகிவிட்டார்.

மறுநாள் காலையில் அம்மா எனக்குப் போன் செய்தாள். "உங்க நைனா அருவாள எடுத்துக்கினு லாரியச் சுத்தி முள்ளு வெட்டிக்கினு இருக்காரு. நீ வந்து இன்னான்னு கேளு."

நான் வேங்கிக்காலில் குடியிருக்கிறேன், ஆபீசும் அங்கேதான். லீவு நாளில் போனேன். நைனா கைகளில் முள் கீறி ரத்தக் கோடுகள். டிரைவர் சீட்டில் எலி குடும்பம் நடத்திய பஞ்சை அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தார். என்ன நைனா இதெல்லாம் என்று கேட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னார். அவர் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை, அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"அவனை ஒரு தடவை இந்த சீட்டுல ஒக்கார வெக்கணும். மலையைச் சுத்திட்டு தர்காவுக்குப் போவணும். மொத நாளு போனா மாதிரி. அவ்வளவுதாம்மா. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்."

அதே மெக்கானிக்கை வைத்து வேலை ஆரம்பித்தது. இன்ஜின் இறுகிக் கிடந்தது. உள்ளே டீசலை ஊற்றி ஊற வைத்து, கம்பியைப் போட்டு நெம்பி, திரும்ப ஊற்றி, திரும்ப நெம்பி, ஒரு விரற்கடை அசைவதற்கே நாட்கள் ஆயின. டேங்கில் டீசல் புளிச்சாறுபோல் கெட்டியாகியிருந்தது. டயர்கள் வெடித்துப் பிளந்து, உள்ளே செடி முளைத்திருந்தது. கதவைத் திறந்தால் கதவு கையோடு வந்தது. பாகங்களுக்காக மெக்கானிக் வேலூர் காயலான் கடைகளில் அலைந்தார். நைனா வயதை மறந்து வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தார். சாப்பிட வாங்க என்று அம்மா கூப்பிட்டால் கால் மட்டும் ஆடும்.

உள்ளபடி சொன்னால் அந்த மாதங்களில் நைனாவை எனக்குப் பிடித்திருந்தது. என் கல்யாணத்துக்கப்புறம் அவர் விசிலடித்து நான் கேட்டதில்லை. இப்போது உப்புத்தாளால் துருவைத் தேய்த்துக்கொண்டே விசிலடித்தார். பாயைப் பற்றிப் பேசினார். எந்த மேட்டில் பாய் கியர் மாற்றத் தடுமாறுவார், எந்த ஓட்டலில் குருமா கேட்டுச் சண்டை போடுவார் என்றெல்லாம். பேச்சில் பாய் நல்ல உடம்போடு இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்ஜின் பிடித்துவிட்டது. முதலில் ஒரு இருமல், அப்புறம் ஒரு கறுப்புப் புகை, அப்புறம் அந்தப் பழைய சத்தம். தெருவே வந்துவிட்டது. அம்மா கற்பூரத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். வண்டிக்கு அப்போது கதவு இல்லை, பாடி இல்லை, மூக்கின் மேல்மூடி இல்லை. உடம்பெல்லாம் துரு. ஆனால் ஓடியது. நைனா அதை வேலி வரைக்கும் ஓட்டிப்போய்ப் பின்னால் எடுத்து வந்தார்.

"இப்பவே போயிக் கூப்பிட்டுடுங்க" என்றாள் அம்மா. "இதுக்கு மேல இன்னா வேணும்?"

"எதைக் காட்டிக் கூப்பிடறது? துருப்புடிச்ச வண்டியில வந்து ஒக்காருன்னா? ஒரு தடவை மரியாதை தப்புனது போதும். இந்தத் தடவை எல்லாம் முறையா நடக்கணும். சீட்டு போட்டு, பெயிண்டு அடிச்சி, நெத்தியில எழுதி, அப்புறம் நீயும் நானும் தட்டு எடுத்துக்கினு போயி, பாயையும் அந்தத் தங்கச்சியையும் நிக்க வெச்சிக் கூப்பிடணும்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. "நைனா, அவரு ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்கும் அலைஞ்சிக்கினு இருக்காரு. மொதல்ல மனுஷனப் பாரு, வண்டிய அப்புறம் பாக்கலாம். இல்ல, நானாவது போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்."

"நீ போனா மறுபடியும் ஆளு விட்டு அனுப்புனா மாதிரி ஆயிடும். டீக்கடையில குடுத்ததும் அதுவும் ஒண்ணுதான்."

அன்று முறையே வேண்டாம் என்று பத்திரிகை வைக்காதவர், இன்று முறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டும் பாசத்தால்தான். பாசத்துக்குப் புத்தி கம்மி என்று அம்மா சொன்னாள். நைனா காதில் வாங்கவில்லை.

ஒடுங்கிய தகட்டைத் தட்டி நேராக்கும் டிங்கர் வேலைக்கு ஆள் கிடைக்கத் தாமதம். பெயிண்டுக்கு முன் பூசும் பட்டி மாவைப் பூசியபின் மழை. பட்டி உரிந்து வந்துவிட, திரும்பத் தேய்த்துத் திரும்பப் பூசினார்கள். சீட்டு ரெக்சின் நிறம் சரியில்லை என்று நைனா திருப்பி அனுப்பினார். பாய்க்குப் பிடித்தது கரும்பச்சை. மெக்கானிக்கிடம் நான் தனியாகக் கேட்பேன், பெரியப்பா எப்படி இருக்கிறார் என்று. இருக்கிறார் என்பார். அதற்கு மேல் கேட்க எனக்கும் தைரியமில்லை.

ஒரு வியாழக்கிழமை பெயிண்ட் அடித்தார்கள். பழைய நிறமே, மூக்குக்கு ஆரஞ்சு, கேபினுக்கு நீலம். வெள்ளிக்கிழமை பெயிண்டர் வந்து நெற்றியில் எழுதுவதற்காகக் கை வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஈரமாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எழுதலாம் என்று போய்விட்டார். எழுதி முடித்த கையோடு போய்க் கூப்பிடுவதாக முடிவு. அம்மா பழம், பூவெல்லாம் சொல்லி வைத்தாள். கல்கண்டு வாங்கித் தட்டில் கொட்டி மூடியே வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை நான் அங்கேதான் இருந்தேன். காலையில் மெக்கானிக் பைக்கில் வந்தார். வேலை ஒன்றும் இல்லாத நாளில் ஏன் வருகிறார் என்று பார்த்தேன். இறங்கி, பைக்கை ஸ்டாண்டு போட்டு, ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே நின்றார். விடியற்காலையில் பாய் இறந்துவிட்டார். மசூதியில் சொல்லிவிட்டார்கள். மதியத் தொழுகைக்கு அப்புறம் எடுக்கிறார்கள்.

நைனா படியில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. பிறகு எழுந்து, உள்ளே போய், கல்கண்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். கையில் எதை எடுத்துப் போவது என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மா மெதுவாக அதை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறது? இத்தினி வருஷமா அந்த வாசப்படிய மிதிக்கல."

"நல்லதுக்குத்தான் கூப்பிடணும். கெட்டதுக்கு எவன் கூப்பிடுவான்? கெளம்புங்க" என்றாள் அம்மா.

லாரியை எடுக்கவில்லை. மூன்று பேரும் ஷேர் ஆட்டோவில் போனோம். டீக்கடை அப்படியே இருந்தது, கடைக்காரர்தான் வேறு. வெள்ளைத் துணிக்குள் பாயின் முகத்தைத் திறந்து காட்டினார்கள். எனக்கு அடையாளமே தெரியவில்லை. நைனாவுக்குத் தெரிந்தது. குனிந்து பார்த்துவிட்டு, தெரியும் தெரியும் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கூட்டத்தில் பெரியவர் ஒருவர் நைனாவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து விட்டார். பாயைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டியை எடுத்தபோது முன்பக்கம் நைனா தோள் கொடுத்தார். உயரம் போதாமல் கால்விரலில் எம்பி நடந்தார். தெரு திரும்பும்வரை நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவும் நானும் பெண்களோடு உள்ளே இருந்தோம். பாயின் மனைவி, எனக்குப் பெரியம்மா, என் கையை விடவேயில்லை. என் பெண்ணைப் பற்றிக் கேட்டார், என்ன படிக்கிறாள் என்று. அழுதுகொண்டே கேட்டார்.

அடக்கம் முடிந்து திரும்பியவர்களோடு நைனாவும் வந்து வாசலில் நின்றார். புருஷனை இழந்த துக்கக் காலம் முடியும்வரை பெரியம்மா இனி வெளி ஆண்கள் முன்னால் வர மாட்டார். உள்ளறைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே பேசினார். பக்கத்தில் நான்.

"வந்துட்டீங்களாண்ணே."

"வந்துட்டேன் தங்கச்சி."

"டயாலிசிஸ் முடிச்சிட்டு வரும்போதெல்லாம் ஆட்டோக்காரர அடி அண்ணாமலை வழியா சுத்திக்கினு போவச் சொல்வாருண்ணே. புளியமரத்துக்கிட்ட நிறுத்திட்டு உங்களையே பாத்துக்கினு இருப்பாரு. நீங்க வண்டிக்கு அடியில கெடப்பீங்க, காலு மட்டும் தெரியும். கெழவன் இன்னும் கியர்பாக்ஸ்லயே நிக்கறான் பாருன்னு சிரிப்பாரு. எறங்கிப் போலாம்ங்கன்னு நான் எத்தினியோ தடவை சொன்னேன். அவன் வந்து கூப்பிடட்டும்னாரு. காக்கிச் சட்டைய எடுத்துத் துவைச்சி வெக்கச் சொன்னாரு. எப்ப வருவீங்களோன்னு வாசல்ல பைக் சத்தம் கேட்டா எழுந்து ஒக்காருவாரு."

நைனா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தத் துருவோட கூப்பிட்டிருந்தாலும் வந்திருப்பாருண்ணே. டயரு இல்லாத வண்டிக்குக் கூப்பிட்டிருந்தாலும் வந்திருப்பாரு. ஏண்ணே கூப்பிடல?"

கேள்வியில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை. திரையின் இடுக்கு வழியாக நைனா எனக்குத் தெரிந்தார். கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

"பெயிண்டு காயல தங்கச்சி" என்றார்.

பெரியம்மாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. என்னண்ணே என்றார். நைனா இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக, அதையே சொன்னார்.